துப்பினால் நல்லது

ஏப்ரல் மாதத்தில் எங்கள் பட்டிக்குள் யாரும் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு வருவதில்லை. கம்பளிக்காக நாங்கள் வளர்க்கும் அல்பாகாக்கள் துப்பும் மாதம் அது. வெறும் எச்சில் என்றால் துடைத்துவிட்டுப் போகலாம். பாதி செரித்த புல்லை வயிற்றிலிருந்து மேலே கொண்டுவந்து, காதைப் பின்னால் மடித்து, மோவாயை உயர்த்திப் பச்சையாக அடிக்கும். மூன்று முறை துவைத்தாலும் நாற்றம் போகாது. அப்படியும் அந்த மாதத்தில் யார் மேலாவது துப்பல் விழுந்தால் நாங்கள் சந்தோஷப்படுவோம்.

பெட்டை அல்பாகாவின் வயிற்றில் குட்டி தங்கியிருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அத்தனை கம்பளிக்குள் வயிறு எங்கே என்பதே தெரியாது. ஆகவே மார்ச்சில் இணை சேர்த்து மூன்று வாரம் கழித்து, ஒவ்வொரு பெட்டையாகக் கயிற்றில் பிடித்துக் கிடாவின் முன்னால் நிறுத்துவோம். குட்டி தங்கியிருந்தால் அது கிடாவை அண்டவிடாது. துப்பும், உதைக்கும், ஓடப் பார்க்கும். தங்காவிட்டால் முன்னங்காலை மடித்து, பிறகு பின்னங்காலை மடித்து, பேசாமல் உட்கார்ந்துவிடும். துப்பினால் நல்லது, உட்கார்ந்தால் கெட்டது. இதைவிடச் சுலபமான பரீட்சை உலகத்தில் கிடையாது என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

நாங்கள் ஐந்து பேர். என் அக்கா ருஃபீனா, அவள் கணவர் சபீனோ, அவர்கள் மகள் நில்டா, மகன் வில்பெர், நான். நில்டாவுக்குப் பதினொரு வயது, வில்பெருக்கு ஐந்து. என் பெயர் தியோஃபிலோ. பிள்ளைகளுக்குத் தியோ மாமா. எண்பத்துமூன்று அல்பாகாக்கள், சுமை தூக்க ஒன்பது லாமாக்கள், இரண்டு நாய்கள். எங்கள் வீட்டுக்கு மேலே பனியைத் தவிர வேறு குடித்தனம் இல்லை.

அந்த எண்பத்துமூன்றில் நில்டாவுக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று. எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு முதல்முடி வெட்டும்போது, கத்தரியைக் கையில் வாங்குகிறவர் ஒரு கொத்து முடியை வெட்டிவிட்டு ஒரு விலங்கைத் தரவேண்டும். அது போடும் குட்டியும், குட்டியின் குட்டியும் அந்தக் குழந்தைக்கே. வளர்ந்து வீட்டைவிட்டுப் போகும்போது தனக்கென்று ஒரு மந்தையை ஓட்டிக்கொண்டு போகலாம். நில்டாவுக்கு அன்று கிடைத்த பழுப்புப் பெட்டை வயதாகிச் செத்தது. அது போட்டவற்றில் பிழைத்தது ஒன்றுதான்: கில்லிம்சா. கில்லிம்சா என்றால் அடுப்புக்கரி. மூக்கிலிருந்து வால்வரை கறுப்பு. கீழே ஆலைக்காரர்கள் வெள்ளைக் கம்பளியைத்தான் கேட்பார்கள், கறுப்பில் சாயம் ஏறாது. அதனால் கில்லிம்சாவைக் காப்பாற்ற நில்டாவைத் தவிர வேறு யாருக்கும் காரணம் இல்லை.

கில்லிம்சா இரண்டு வருடம் முன்னால் ஒரு குட்டி போட்டது. அல்பாகாக்கள் வழக்கமாகக் காலையில்தான் குட்டி போடும். இருட்டுவதற்குள் குட்டி வெயிலில் காய்ந்து, எழுந்து நின்று, பால் குடித்துவிட வேண்டும். கில்லிம்சா மத்தியானம் மூன்று மணிக்குப் போட்டது. கூடவே ஆலங்கட்டி மழை. ஈரம் காயாமலேயே குட்டி விறைத்துவிட்டது. அடுத்த வருடம் குட்டியே தங்கவில்லை. சபீனோவிடம் ஒரு சட்டம் உண்டு. தொடர்ந்து இரண்டு வருடம் வெறும் வயிறாக இருக்கும் பெட்டை மந்தையில் இருக்காது. கறிக்கு அறுக்கும் கீழ்ப்பட்டிக்குப் போய், எங்கள் குளிர்காலமான ஜூன் மாதத்து உறைபனியில் உப்புக்கண்டமாகிவிடும். யாருடைய விலங்கு என்று பார்ப்பதில்லை. போன வருடம் அவருக்குப் பிடித்த சாம்பல் நிறத்தையே அனுப்பினார். கல்மனசு என்று அவரைச் சொல்லமுடியாது. புல் இவ்வளவுதான், வாய் இத்தனை, அதுதான் கணக்கு.

கில்லிம்சாவுக்கு இது இரண்டாவது வருடம். அது துப்பியாகவேண்டும்.

பரீட்சை சனிக்கிழமை வைத்தோம். நில்டா வாரநாட்களில் கீழே கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படிக்கிறவள். வெள்ளி சாயங்காலம் ஏறிவந்தவள், காலையில் உருளைக்கிழங்கைக்கூட முழுதாகச் சாப்பிடாமல் பட்டிக்குள் வந்து நின்றுகொண்டாள்.

எங்கள் கிடாவின் பெயர் மேயர். பெயர் வைத்தது அக்கா. கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நடக்கும், ஒரு வேலையும் செய்யாது, வருடத்தில் இரண்டு மாதம் மட்டும் சத்தம் போடும். பெட்டையைக் கண்டால் வாய் கொப்பளிப்பதுபோல் தொண்டையில் ஒரு பாட்டு.

"அத்தான், மூஞ்சியத் திருப்பிக்குங்க," என்றேன். நான் பெட்டையைப் பிடித்திருந்தேன், அவர் மேயரைப் பிடித்திருந்தார்.

"திருப்பிக்கிட்டா எப்படி மாப்ள பாக்கறது?"

சொல்லி முடிப்பதற்குள் அவர் தொப்பி பச்சையானது.

"ஒண்ணு!" என்று அக்கா கத்தினாள். "இன்னும் கொஞ்சம் வாயத் திறந்து பேசிக்கிட்டிருங்க, நேரா உள்ளயே போயிரும்."

துப்பியவற்றைப் பெரிய பட்டிக்குத் தள்ளினோம். உட்கார்ந்தவற்றில் எதற்காவது அது இரண்டாவது வருடம் என்றால், முதுகில் ஒரு கைப்பிடிக் கம்பளியைக் கத்தரித்து அடையாளம் வைத்தோம். பத்து மணிக்குள் மூன்று முதுகில் கத்தரி விழுந்துவிட்டது. அதில் ஒன்று அக்காவின் ஒற்றைக்காது வெள்ளை. அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அடுத்தது கொண்டா," என்றாள்.

அடுத்தது கில்லிம்சா.

நான் கயிற்றைக் கட்டிக் கொண்டுவந்து நிறுத்தினேன். கம்பளிக்குள் கையை விட்டால் இளஞ்சூடு. பயந்தால் அல்பாகா மெல்ல முனகும், வாயைத் திறக்காமல், ம்ம்ம் என்று. கில்லிம்சா முனகிக்கொண்டிருந்தது. மேயர் பாட்டை ஆரம்பித்துக்கொண்டே வந்தது. கில்லிம்சாவின் காது பின்னால் போனதா இல்லையா என்று நான் பார்க்கும் அந்த நேரத்தில், கண்ணின் ஓரத்தில் வில்பெர். பட்டியின் சுவர் வெறும் கல் அடுக்கு. அதன் உச்சியில் ஒற்றைக்காலில் நிற்கிறான். காலுக்குக் கீழே ஒரு கல் ஆடுகிறது.

"தியாய்!" என்று கத்தினேன்.

எங்கள் மொழியில் உட்கார் என்று அர்த்தம். வில்பெர் உட்காரவில்லை, அவன் யார் பேச்சையும் கேட்கிற பையன் இல்லை. கில்லிம்சா உட்கார்ந்தது. முன்னங்கால், பிறகு பின்னங்கால், அப்படியே மடிந்து தரையில்.

"காலி," என்றார் சபீனோ. வயிற்றில் குட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிடாவை அதற்குமேல் விடக்கூடாது என்று மேயரை இழுத்துக்கொண்டு போய்விட்டார். மொத்தமே நாலு மூச்சு நேரம்தான்.

அக்கா கத்தரியை எடுத்தாள். நில்டாவைப் பார்த்தாள். பிறகு வெட்டினாள். கறுப்புக் கம்பளி ஒரு பிடி, மண்ணில் விழுந்தது. நில்டா அழவில்லை. வாயைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில நாலையும் கீழ ஓட்டிருவோம்," என்றார் சபீனோ. "வெயில்ல பனி உருகுறதுக்குள்ள போனாத்தான் ஆத்தைத் தாண்டலாம்."

மத்தியானம் நானும் நில்டாவும் மந்தையை ஈரப்புல் வெளிக்கு ஓட்டிப்போனோம். அல்பாகாவுக்குக் குளம்பு கிடையாது. இரண்டு நகமும், அடியில் மெத்தென்ற சதையும்தான். ஈரத்தில் நடந்தாலும் புல் நசுங்காது. முன்பக்கம் மேல்வரிசையில் பல்லும் இல்லை. கீழ்ப்பல்லை ஈறில் வைத்துப் புல்லின் நுனியை மட்டும் நறுக்கும், வேரைப் பிடுங்காது. புழுக்கை போடக்கூட மந்தை முழுக்க ஒரே இடத்துக்குத்தான் வரிசையாகப் போகும். அந்தக் குவியலை அள்ளிக் காயவைத்துத்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. மரம் இல்லாத ஊரில் வேறென்ன எரிப்பது.

காற்று ஆரம்பித்தது. நில்டா ஒரு திட்டில் நின்று கையை வாய்க்குக் குவித்து, "தியாய்!" என்று கத்தினாள். கொஞ்சம் தள்ளி மேய்ந்துகொண்டிருந்த கில்லிம்சா தலையைத் தூக்கி, இரண்டடி வந்து, உட்கார்ந்தது. நில்டா அதன் பின்னால் போய்க் காற்றுக்கு ஒதுங்கிக் குந்திக்கொண்டாள். வெட்டுப்பட்ட முதுகின்மேல் கையை வைத்தாள்.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. நான் சட்டென்று யோசிக்கிறவன் இல்லை.

"ஏ நில்டா. என்ன பண்ணி வச்சிருக்கே நீ?"

"லீவுல மாமா. ஜனவரியில. மேல மேய்ச்சல்ல சுவரே இல்ல, ஆலங்கட்டி கண்ணுலயே அடிச்சுது. இதைக் கீழ அமுக்கி உக்காரவச்சு தியாய் தியாய்னு சொல்லிட்டே இருந்தேன். பத்துப் பதினஞ்சு நாள்ல, அமுக்காமலே உக்காந்துச்சு."

"சுவரா வச்சுக்கிட்டியா?"

"சூடான சுவர்."

"காலையில ஏன்டி வாயத் திறக்கல?"

"அப்பா கொன்னுருவாரு."

அது பொய்யில்லை. சில வருடம் முன்னால் தாயில்லாத ஒரு ஆண்குட்டியை நில்டாவும் அக்காவும் புட்டியில் பால் கொடுத்து, அடுப்படியில் வைத்து வளர்த்தார்கள். அது பெரிதாகித் தன்னை மனிதன் என்றே நினைத்துக்கொண்டது. மற்ற கிடாக்களோடு மோதுவதற்குப் பதில் சபீனோவோடு மோதியது. ஒருநாள் பின்னாலிருந்து ஏறி அவரைத் தரையில் போட்டு மிதித்தது. இரண்டு விலா எலும்பு போனது. அன்றிலிருந்து, அல்பாகாவோடு விளையாடக்கூடாது, பழக்கக்கூடாது, கொஞ்சக்கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

"அதோட," என்றாள் நில்டா, "எனக்கே தெரியல மாமா. நீங்க கத்துனதால உக்காந்துச்சா, இல்ல நெசமாவே காலியா இருக்கறதால உக்காந்துச்சா. நான் போய்ச் சொல்லி, திரும்பவும் உக்காந்துச்சுன்னா? அடியும் வாங்கணும், இதுவும் போயிரும்."

"உக்காந்தா உக்காந்ததுதான். சொல்லலைன்னா நாளைக்கே போயிரும்."

"நீங்க சொல்லுங்க மாமா."

"நீதானே கத்துக்கொடுத்தே, நீயே சொல்லு. கத்துனது நான், அதை நான் சொல்லிக்கறேன். ரெண்டு பேரும் சேந்து வாங்கிக்கலாம்."

அவள் சிரிக்கவில்லை. சாயங்காலம் வரை அந்தச் சுவரின் பின்னாலேயே இருந்தாள். வீட்டுக்குப் போயும் சொல்லவில்லை. நானும் தூண்டவில்லை. அது அவளுடைய விலங்கு.

ஞாயிறு காலை சபீனோ நாலையும் ஒரே கயிற்றில் வரிசையாகக் கட்டினார். முதலில் ஒற்றைக்காது வெள்ளை, கடைசியில் கில்லிம்சா. பட்டியின் கதவுக்கம்பை எடுத்தார். அப்போதுதான் நில்டா வந்து வாசலில் குறுக்கே நின்றாள். செருப்பு போடவில்லை. தரையெல்லாம் உறைபனி.

"அப்பா, கில்லிம்சா பரீட்சை செல்லாது."

"என்னது?"

"நான் அதுக்கு உக்காரக் கத்துக்கொடுத்திருக்கேன். தியாய்னு சொன்னா உக்காரும். நேத்து மாமா தியாய்னு கத்துனாரு. அதான் உக்காந்துச்சு. மேயருக்காக இல்ல."

சபீனோ அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் கத்துனது நெசம் அத்தான். வில்பெரைப் பார்த்துக் கத்துனேன்."

"அல்பாகா என்ன நாயா? சொன்னா உக்கார?"

"உக்காரும்ப்பா."

"எங்க, சொல்லு பாப்போம்."

நில்டா கில்லிம்சாவின் முன்னால் போய் நின்றாள். "தியாய்," என்றாள். குரல் வெளியே வரவில்லை. கில்லிம்சா அவளைப் பார்த்தது. காதை ஆட்டியது. அசைபோட்டது.

"தியாய். தியாய் கில்லிம்சா."

நின்றது.

"பள்ளிக்கூடத்துல இதைத்தான் சொல்லித்தர்றாங்களா?" என்றார் சபீனோ. கோபமில்லை அந்தக் குரலில், களைப்பு. அதுதான் மோசம். "நகரும்மா. ஆத்துல தண்ணி ஏறிரும்."

"டீச்சர் சொன்னாங்க, அல்பாகா ஒட்டகத்துக்குச் சொந்தமாம். ஒட்டகம் சொன்னா உக்காருமாம்," என்றான் மறுபடி சுவரேறியிருந்த வில்பெர். யாரும் அவனைக் கேட்கவில்லை. அவன் இன்னும் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை; நில்டா சொன்னதைப் பிடித்துவைத்திருந்தான்.

"நீ சும்மா இர்றா," என்றாள் என் அக்கா. பிறகு மகளைப் பார்த்து, "ஏன்டி, மேய்ச்சல்ல இப்படித்தான் கொசு மாதிரி முனகுவியா? காத்துல எப்படிச் சொல்லுவியோ அப்படிச் சொல்லு," என்றாள்.

நில்டா பின்னால் போனாள். இருபது அடி. கையை வாய்க்குக் குவித்தாள்.

"தியாய்!"

எதிர்மலையில் போய் அடித்துத் திரும்பியது. கில்லிம்சா உட்கார்ந்தது. ஒரே கயிறு என்பதால் முன்னால் நின்றதன் கழுத்தும் வளைந்தது. பெரிய பட்டிக்குள்ளிருந்து ஏதோ சத்தம். திரும்பிப் பார்த்தோம். அங்கே இன்னும் இரண்டு உட்கார்ந்திருந்தன. ஒரு பழுப்பும் ஒரு வெள்ளையும், நில்டா பக்கம் கழுத்தை நீட்டிக்கொண்டு.

"அதுங்களுமா?" என்றார் சபீனோ.

"அதுங்களுக்கு நான் சொல்லித்தரலப்பா! கில்லிம்சாவைப் பாத்துப் பாத்து..."

அக்கா முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். சபீனோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். நாற்பது வருடம் அல்பாகாவோடு இருக்கிறவர். பதினொரு வயதுப் பெண் அவர் மந்தையில் மூன்றை உட்காரவைத்துப் பழக்கியது அவருக்குத் தெரியாமல் போயிருக்கிறது. அது அவரைக் கொஞ்சம் குத்தியிருக்கும்.

"மேயரைக் கொண்டா," என்றார் என்னிடம். "கயித்துல இருக்கற நாலையும் திரும்பப் பாப்போம். யாராச்சும் வாயத் திறந்தீங்க, தொலைச்சுப்புடுவேன். வில்பெர், நீ கீழ இறங்கு. அந்தச் சொல்லை எவனும் சொல்லக்கூடாது."

முதலில் அக்காவின் ஒற்றைக்காது. நாங்கள் மூச்சுகூடச் சத்தமாக விடவில்லை. மேயர் பாடிக்கொண்டு வந்தது. ஒற்றைக்காது அதைப் பார்த்தது, தரையைப் பார்த்தது, உட்கார்ந்தது. அக்கா போய்த் தானே கயிற்றை மறுபடி மாட்டிவிட்டு வந்தாள். அடுத்த இரண்டும் அப்படியே. உண்மையான காலி, சந்தேகத்துக்கு இடமில்லை.

கில்லிம்சாவை நானே பிடித்தேன். நில்டா சுவரோரம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சபீனோ மேயரை விட்டார்.

மேயர் வந்தது. கழுத்தை நீட்டி கில்லிம்சாவின் பின்பக்கத்தை முகர்ந்தது. கில்லிம்சா நின்றது. முன்னங்கால் கொஞ்சம் வளைவதுபோல் எனக்குப் பட்டது. கயிற்றில் எடை கூடியது. போச்சு என்று நினைத்தேன். மேயர் மார்பை அதன் முதுகில், கத்தரி பட்ட அந்த இடத்தில் வைத்தது.

கில்லிம்சாவின் இரண்டு காதும் ஒரே நேரத்தில் பின்னால் படுத்தன. மோவாய் வானத்துக்கு எழுந்தது. தொண்டைக்குள் ஏதோ உருண்டு மேலே ஏறுவது கயிற்றின் வழியாக என் கைக்கே தெரிந்தது.

முதல் துப்பல் மேயரின் கண்ணில். இரண்டாவது என் நெஞ்சில். மேயர் விலகவில்லை என்று கண்டதும் திரும்பி, பின்னங்காலால் ஒரு உதை விட்டுவிட்டு மூன்றாவதை அடித்தது. அதை மேயருக்காகத்தான் வைத்திருந்தது. மேயர் குனிந்துவிட்டது. சபீனோ குனியவில்லை. நெற்றியில் ஆரம்பித்து மீசை வழியாக வடிந்தது.

நில்டா கையை எடுத்தாள். "அப்பா, துப்பிருச்சு!"

"தெரியுது," என்றார் சபீனோ, கண்ணைத் திறக்காமல்.

"நெசமாவே துப்பிருச்சுப்பா!"

"நக்கியே பாத்துட்டேன்மா. நெசந்தான்."

அக்கா ஓடிவந்து முக்காட்டின் நுனியால் அவர் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கச் சிரித்தாள், சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது ஒற்றைக்காதுக்காகவும் இருக்கலாம். நான் கேட்கவில்லை.

இதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்ல நான் தயாரில்லை. மூன்று வாரக் கரு கலைவதும் உண்டு. கலையாமல் இருந்தாலும் பதினொன்றரை மாதம் சுமக்கவேண்டும், பிப்ரவரி நடுவில்தான் போடும். அது ஆலங்கட்டி மாதம். நரி உண்டு, கழிச்சல் உண்டு, பெண்குட்டியாகப் பிறக்குமா என்பதும் உண்டு. ஆனால் அன்று காலை கயிற்றில் நாலு இருக்கவேண்டிய இடத்தில் மூன்று இருந்தது.

சபீனோ முகத்தைக் கழுவிவிட்டு வந்து நில்டாவின் முன்னால் நின்றார். அவள் அடிக்காகக் காத்திருந்தாள்.

"செருப்ப மாட்டு முதல்ல," என்றார். "அந்தப் பழக்கத்தை அடுத்த லீவுக்குள்ள அழிக்கணும். ஈரத்துல உக்காந்து உக்காந்து நெஞ்சுல சளி பிடிச்சா குட்டிக்கும் ஆகாது. மேல நானே வந்து கல்லுச்சுவர் ஒண்ணு போட்டுத்தர்றேன். அதுக்குப் பின்னால ஒதுங்கு. விளங்குச்சா?"

"விளங்குச்சுப்பா."

"இன்னொரு தடவை எதுக்காவது எதையாவது கத்துக்கொடுத்தே..."

"மாட்டேன்ப்பா."

அவர் கயிற்றை எடுத்தார். மூன்றும் எழுந்து அவர் பின்னால் நடந்தன, ஒற்றைக்காது முன்னால். வாசலைத் தாண்டும்போது நில்டா பின்னாலேயே ஓடினாள், ஒரு காலில் மட்டும் செருப்போடு.

"அப்பா! பள்ளிக்கூடம் மார்ச்சுல தொறந்துருவாங்க. அதுக்குள்ள போட்டுருமா? காலையிலயே போடுமா? போன தடவை மாதிரி மத்தியானம் போட்டுச்சுன்னா?"

சபீனோ நிற்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"அதை ஏன் எங்கிட்ட கேக்கறே? அதுகிட்டயே சொல்லி வை. இந்த வீட்டுல உன் பேச்சைக் கேக்கறது அது ஒண்ணுதான்."